ஒரு நாளைக்கு ஒரு படி

பாவாயி அந்த ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கிய அன்றைக்கு அவள் மகன் பூபதி முந்நூற்றுப் பன்னிரண்டாவது படியில் இருந்தான். ஊருக்கு உராமினே என்று பெயர். ஜப்பானின் வடக்குக் கரையில், கடலுக்கும் மலைக்கும் நடுவே கால் நீட்ட இடமில்லாமல் ஒடுங்கிக் கிடக்கிற மீன்பிடி ஊர் அது. மலை உச்சியில் கடலைக் காவல் காக்கிற சாமிக்குத் தொள்ளாயிரம் வருஷத்துக் கோயில் ஒன்று இருக்கிறது, அதற்கு ஏறுகிற கல்படிகள் முந்நூற்று முப்பத்து மூன்று. மத்தியானம் சரியாகப் பன்னிரண்டு மணிக்கு, கம்பத்தில் கட்டியிருந்த ஊர் ஒலிபெருக்கி, அலை எவ்வளவு உயரம், காற்று எந்தப் பக்கம், பனி எவ்வளவு விழும் என்றெல்லாம் சொல்லி முடித்து, கடைசியில் “பூபதி சான், முந்நூற்றுப் பன்னிரண்டு” என்று, மரியாதைக்குப் பெயரோடு ஒரு சானும் சேர்த்துச் சொல்லி அடங்கியது. அந்தப் பாஷையில் ஒரு எழுத்தும் தெரியாத பாவாயி, மகன் பெயரை மட்டும் காதில் பிடித்துக்கொண்டு, கையிலிருந்த பையைப் பனியிலேயே போட்டுவிட்டு, கூட்டிப்போக வந்திருந்த ஜெனிட்டாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

“என்ற பையன் பேரைச் சொல்றாங்க கண்ணு! கெடச்சுட்டானா?”

ஜெனிட்டா தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைப் பெண்; அந்த ஊர் முதியோர் இல்லத்தில் மூன்று வருஷமாக வயசானவர்களைப் பார்த்துக்கொள்கிற வேலை. பூபதியை விட்டால் அந்த ஊரில் தமிழ் பேசுகிற ஆள் அவள் ஒருத்திதான். அவள் பையை எடுத்துப் பனியைத் தட்டிவிட்டுச் சொன்னாள்: “கெடைக்கலம்மா. ஏறிட்டு இருக்காவ.”

“எங்க ஏறறான்?”

“கோயிலுக்கு. ஒரு நாளைக்கு ஒரு படி.”

வேறொருத்தியாக இருந்தால் இந்தப் பேச்சைக் கேட்டு, இந்தப் பெண்ணுக்குக் குளிரில் மூளை கலங்கிவிட்டதோ என்று நினைத்திருப்பாள். பாவாயிக்கு அப்படித் தோன்றவில்லை. அவனை அந்தப் படியில் ஏற்றிவிட்டவளே அவள்தான். போன தை மாசம் அவளுக்கு வயிற்றில் கட்டி, ஈரோட்டில் ஆபரேஷன், பிழைப்பாளோ மாட்டாளோ என்று டாக்டரே உதட்டைப் பிதுக்கிய நேரம். கத்தி வைக்கப் போகிற அறைக்குத் தள்ளிக்கொண்டு போகையில் அவள் சிவன்மலை முருகனிடம் நேர்ந்துகொண்டாள். தன் காலை நேர்ந்துகொண்டிருந்தால் தொலையட்டும், மகன் காலை நேர்ந்துகொண்டாள். நான் பிழைத்து எழுந்தால், என்ற பையன் வெறுங்காலோடு உன் மலை ஏறுவான் சாமி, என்றாள். தாய் நேர்வாள், பிள்ளை செலுத்தும், கொங்கு நாட்டில் இது ஊர் வழக்கம். எந்தப் பிள்ளையைக் கேட்டு எந்தத் தாய் நேர்ந்திருக்கிறாள்?

பிழைத்தும் எழுந்தாள். மகனுக்கு லீவு கிடைக்கவில்லை. மீன் கம்பெனியில் கணவாய் மீன் அறுக்கிற வேலை, ஒப்பந்தம் முடிய இன்னும் ஒன்றரை வருஷம். கடனை வைத்துக்கொண்டு சாமியிடம் எப்படி முகம் காட்டுவது என்று பாவாயிக்குத் தூக்கம் வரவில்லை. தினமும் போனைப் போட்டு அவனை அரித்தாள். “அங்கியும் மலைமேல ஒரு கோயல் இருக்குதுன்னு சொன்னயல்ல, அதுல ஏறிப்போடு சாமி.”

“அது இவங்க சாமிம்மா. நம்ம நேர்த்திக்கு அது என்ன பண்ணும்?”

“எந்தச் சாமியா இருந்தா என்ன, காலு உன்ற காலுதானே? ஏறு.”

மாசி பிறப்பதற்கு முந்தின வாரம், ஷிப்டு முடிந்து, முழங்கால் உயரப் பனியில் அவன் மலையடிவாரத்துக்குப் போனான். அங்கே இரண்டு மரத் தூணும் மேலே இரண்டு உத்தரமுமாக ஒரு வாசல் நிற்கும், டோரி என்பார்கள்; ஜப்பான்காரர்கள் குனிந்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுச் செருப்போடுதான் உள்ளே போவார்கள். பூபதி சிவன்மலையில் செய்கிற மாதிரி, ரப்பர் பூட்சைக் கழற்றி ஜோடி சேர்த்து வாசலுக்கு வெளியே வைத்துவிட்டு, வெறுங்காலோடு ஏறினான். அன்றைக்குச் சாயங்காலம் புயல் அடித்தது. மலையின் கடல் பக்கத்துச் சரிவு பெயர்ந்து கைப்பிடிக் கம்பியோடு கடலில் போய் விழுந்தது. பதினொரு நாள் படகு போட்டுத் தேடினார்கள், ஒன்றும் கிடைக்கவில்லை. காணவில்லை என்று கம்பெனியிலிருந்து தாள் வந்தது. அந்த ஒரு தாளை வைத்துக்கொண்டு பாஸ்போர்ட்டு வாங்கி, விசா வாங்கி, முப்பது நாளுக்கு அவள் வந்து சேர மார்கழி ஆகிவிட்டது.

ஆனால் புயலுக்கு மறுநாள் காலையிலேயே, கோயில் பூசாரி மொரிகாவா படியைக் கூட்ட வந்தபோது, முதல் படியில் இரண்டு ஈரப் பாதம் இருந்தது. சுற்றிலும் பனி, பாதத்தின் அளவுக்கு மட்டும் பனி உருகி, அதில் தண்ணீர் நின்றது. நக்கிப் பார்த்தால் கடல் தண்ணீர். அதற்கு அடுத்த நாள் இரண்டாவது படியில். அதற்கு அடுத்த நாள் மூன்றாவது படியில். வெயில் காலத்தில் சுடுகல்லின் மேலும் அந்த ஈரம் காயாமல் மறுநாள் வரை இருந்தது, மழை நாளில் படி முழுக்க நனைந்து கிடக்க, பாதத்தின் அளவுக்கு மட்டும் வெள்ளையாய் உப்புப் பூத்திருந்தது. ஒரு நாளைக்கு ஒரு படிக்குமேல் அவன் ஏறவில்லை, ஒரு நாளும் நிற்கவும் இல்லை.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்றால், ஒரு வெளியூர்ப் பையன் சிரமப்பட்டு மலை ஏறுகிறான், நாம் தொந்தரவு பண்ணக்கூடாது, அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் கரும்பலகை மூலையில் தேதிக்குப் பக்கத்தில் படி எண்ணை எழுதினார்கள். மீன் கம்பெனியில் வருகைப் பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே வரவில்லை என்று போட மனமில்லாமல் ‘ஏறுகிறார்’ என்று போட்டார்கள். நகராட்சி எழுத்தர் நிஷிதா ஒவ்வொரு நாளும் பத்து மணிக்கு அளவுகோலோடு வந்து, மண்டி போட்டு, பாதத்தை அளந்து, இருபத்தாறரை சென்டிமீட்டர் என்று எழுதிக்கொண்டு போனார். முந்நூறு நாளும் அதே இருபத்தாறரைதான், ஆனாலும் அளக்காமல் எழுத அவருக்குக் கை வராது. கணவாய் அறுக்கிற மேஜையில் பூபதிக்கு எதிரே நின்று வேலை பார்த்த ஹருயோ என்கிற அறுபது வயசுக்காரி, குளிர் நாளில் சூடு தருகிற சின்னப் பைகளைப் பாதத்துக்கு இரண்டு பக்கமும் வைத்தாள், ஆடி மாச வெயிலில் ஒரு குடையை விரித்து வைத்தாள். முதியோர் இல்லத்தில் தொண்ணூற்று நாலு வயசுக் கிழவர் ஒருவர், சாப்பாடே வேண்டாம் என்று சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர், அந்தப் பையன் உச்சிக்குப் போவதைப் பார்த்துவிட்டுத்தான் மறுவேலை என்று எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டார்.

இரண்டு சிக்கல் மட்டும் இருந்தது. ஒன்று, அவன் படியின் நட்ட நடுவில் ஏறினான். அந்த நாட்டில் கோயில் பாதையின் நடு, சாமி நடக்கிற இடம், மனுஷர் ஓரமாகத்தான் போகவேண்டும். நம்மூர்ப் பையனுக்கு அது எப்படித் தெரியும்? கூட்டம் போட்டுப் பேசினார்கள். சாமி கொஞ்ச நாள் ஓரமாகப் போகட்டும் என்று பூசாரி மொரிகாவா சொல்லிவிட்டார்.

இரண்டாவதுதான் பெரிய சிக்கல். அந்தச் சாமிக்குச் சாவுத்தீட்டு ஆகாது. இழவு விழுந்த வீட்டுக்காரர்கள் ஐம்பது நாள் கோயிலுக்குள் கால் வைக்க மாட்டார்கள், இந்த விஷயத்தில் நமக்கும் அவர்களுக்கும் பேதமே கிடையாது. உச்சியில், முந்நூற்று முப்பத்து மூன்றாவது படிக்கு மேலே, இன்னொரு டோரி நிற்கிறது. உயிரோடு இருப்பவன் அதைத் தாண்டலாம், இல்லாதவன் தாண்ட முடியாது. பூபதி அங்கே வந்து நிற்கிற அன்றைக்கு அவன் யார்? ஏழு கூட்டம் போட்டும் யாரும் வாயைத் திறந்து அதைக் கேட்கவில்லை. கேட்காமலே ஊர் ஒரு முடிவுக்கு வந்தது: அந்த வார்த்தையையே யாரும் சொல்வதில்லை. பூபதியைப் பற்றி மட்டுமில்லை, எதைப் பற்றியும். மீன்கூட அந்த ஊரில் சாகவில்லை, ஓய்ந்தது. முதியோர் இல்லத்தில் கட்டில் காலியானால், ஊருக்குப் போயிருக்கிறார் என்றார்கள். இருநூறு வருஷமாகக் கடலுக்கு ஆளைக் கொடுத்துக் கொடுத்து அலுத்த ஊர் அது, போனவர்களில் ஒருத்தர்கூடத் திரும்பிக் கரையில் கால் வைத்ததில்லை, இவன் ஒருத்தன்தான் வைத்திருக்கிறான். அவனைப் போய் ஒரு வார்த்தை சொல்லித் தடுத்துவிட யாருக்கும் நெஞ்சுத் துணிவில்லை.

இதையெல்லாம் ஜெனிட்டா அன்று சாயங்காலத்துக்குள் சொல்லி முடித்தாள். மறுநாள் காலை பாவாயி ஏறினாள். பஸ் ஏறும்போது யாரோ கொடுத்த கம்பளிக் கோட்டும் குல்லாயுமாக, மூச்சு வாங்க வாங்க முந்நூற்றுப் பதிமூன்றாவது படிக்கு வந்து, குனிந்து பார்த்தாள். வலது காலில் சுண்டுவிரல் மற்ற விரலோடு சேராமல் தனியாக ஒதுங்கியிருந்தது. ஏழாம் வகுப்புப் படிக்கிறபோது சைக்கிள் செயினில் மாட்டிய விரல், அவள்தான் மஞ்சள் பத்துப் போட்டுக் கட்டினாள். பாவாயி அந்தப் பனியில் அப்படியே குப்புற விழுந்து, பாதத்தில் கன்னத்தை வைத்துக்கொண்டாள். அழுகை நெஞ்சுவரை வந்தது. பக்கத்தில் நின்ற ஜெனிட்டா அவள் வாயைப் பொத்தாத குறையாகக் காதில் சொன்னாள்: “அழாதியம்மா. அழுதா என்ன அர்த்தமின்னு எல்லாருக்கும் தெரிஞ்சு போவும்.” பாவாயி சேலை முந்தியை வாயில் திணித்துக்கொண்டு அழுகையை விழுங்கினாள்.

முதலில் அவனைத் திருப்பிவிடத்தான் பார்த்தாள். அடுத்த படியில் போய் வழியை மறித்து உட்கார்ந்துகொண்டு, பகல் முழுக்கக் கெஞ்சினாள். “போதும் சாமி, எறங்கிரு. நான் நேந்தது தப்பு, வாபஸ் வாங்கிக்கறேன். எனக்கு வந்த கட்டி திரும்பி வந்தா வரட்டும், நீ எறங்கி வா, ஊட்டுக்குப் போலாம்.” போகும்போது தன் கம்பளித் துப்பட்டியைப் படிமேல் விரித்துவிட்டுப் போனாள். காலையில் வந்து பார்த்தால் துப்பட்டியின் நடுவில் இரண்டு பாதம், நனைந்து. தாய் நேர்ந்ததைச் செலுத்தாமல் இறங்குகிற பிள்ளையாக அவனை அவள் வளர்க்கவில்லை, அந்தப் பெருமைதான் இப்போது அவளை அறுத்தது.

பூசாரி மொரிகாவா அவளைத் தேடி வந்தார். எழுபது வயசு, ஒல்லி, பேசுவதற்கு முன்னால் வாயை இரண்டு முறை திறந்து மூடுகிற மனுஷர். குனிந்து வணங்கிவிட்டு ஏதோ சொன்னார். ஜெனிட்டா அதைத் தமிழில் சொன்னாள்.

“பூசாரி கேக்காவம்மா. ஊரு ஒண்ணும் சொல்ல முடியாது, நானும் ஒண்ணும் சொல்ல முடியாது, பெத்தவங்க நீங்க ஒருத்தர் சொன்னா அது போதும்ங்காவ. உங்க மவன் உயிரோட இருக்காவளான்னு கேக்காவ.”

பாவாயி பூசாரியின் கண்ணைப் பார்த்தாள். அந்த மனுஷனுக்கும் பதில் தெரியும் என்று அவளுக்குத் தெரிந்தது. ஆமாம் என்று சொன்னால் மகன் மேலே போய் நேர்த்தியை முடிப்பான், கடன் தீர்ந்து நிம்மதியாகப் போவான். இல்லை என்று சொன்னால் அந்த வாசலுக்கு வெளியே, கடல் காற்றில், வெறுங்காலோடு, உலகம் உள்ள மட்டும் நிற்பான்.

“உசுரோடதான் இருக்கறான்னு சொல்லு அம்மிணி,” என்றாள்.

பூசாரி ரொம்ப நேரம் குனிந்தே நின்றார்.

அன்றைக்கே அவள் கணவன் சென்னியப்பனுக்குப் போன் போட்டாள். ஊரில் உறவுமுறையெல்லாம் ஒரே பேச்சாக நின்றது: வருஷம் திரும்பப் போகிறது, இனி எதற்குக் காத்திருப்பது, உடம்பு கிடைக்காவிட்டால் தர்ப்பையில் உருவம் செய்து காரியம் பண்ணிவிடவேண்டியதுதான், பிள்ளை சோறு தண்ணி இல்லாமல் அலைகிறான் பார், என்று. பாவாயி புறப்படும்போதே சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தாள், இப்போது மறுபடியும் சொன்னாள். “ஏனுங், நாஞ் சொல்ற வரைக்கும் ஒண்ணும் பண்ணிப்போடாதீங்க. இன்னம் இருவது நாளு. அதுக்கப்பறம் உங்க இஷ்டம்.”

“இருவது நாள்ல என்ன புள்ள ஆவப்போவுது?”

“அவன் ஏறி முடிச்சுருவான்.”

எதிர்ப்பக்கம் ஒரு பெருமூச்சு வந்தது. மனைவிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று அந்த மனுஷன் நினைத்திருக்கவேண்டும். சரி என்றார்.

அப்புறம் பாவாயி தினமும் அவனோடு ஒரு படி ஏறினாள். முந்நூற்றுப் பதினெட்டு, பத்தொன்பது, இருபது. பக்கத்தில் உட்கார்ந்து ஊர்ச் சங்கதியெல்லாம் சொன்னாள்: தறி ரெண்டை வித்தாச்சு, உன் சித்தப்பன் மகளுக்குப் பையன் பிறந்திருக்கிறான், உன் அப்பனுக்கு இப்பொழுது காது சரியாகக் கேட்பதில்லை. ஹருயோ வந்து கொஞ்ச தூரத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக் கொடுப்பாள். ஒருத்தி பாஷை ஒருத்திக்குத் தெரியாது. பூபதி கணவாய் அறுக்கிற மாதிரி கையால் அறுத்துக் காட்டி, அவன் மெதுவாக அறுப்பான், மேற்பார்வைக்காரன் கத்துவான், என்று ஹருயோ சைகையில் சொல்லி, இரண்டு பேரும் சிரித்தார்கள், சிரித்து முடித்ததும் இரண்டு பேரும் கடலைப் பார்த்தார்கள். புதுவருஷத்தன்று ஊரே திரண்டு கோயிலுக்கு ஏறியது, பட்டு உடுத்தின பெண்களும், தாத்தாக்களைத் தோளில் தாங்கின ஆண்களும், வழக்கப்படி ஓரமாக நடந்து, முந்நூற்று இருபத்தைந்தாவது படியில் தலை குனிந்து, மேலே போனார்கள்.

முந்நூற்று முப்பதாவது படிக்கு அடுத்த நாள், பாதம் நகரவில்லை.

பாவாயி வந்தபோது ஊர் முழுக்கப் படியில் நின்றிருந்தது. முந்நூற்று முப்பத்தோராவது படியில் விழுந்த பனி விழுந்தபடியே, ஒரு கீறல் இல்லாமல் இருந்தது. கீழே, முப்பதில், நேற்றைய பாதம், முதல் தடவையாக, ஓரம் காய்ந்துகொண்டு வந்தது. நிஷிதா அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு அளக்க ஒன்றுமில்லாமல் நின்றார். பன்னிரண்டு மணிக்கு ஒலிபெருக்கி பூபதி சான் என்று சொல்லி, அப்புறம் மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டு, நின்றுபோனது.

பாவாயிக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. ஊருக்குப் போனைப் போட்டாள்.

“பாவாயி,” என்றார் சென்னியப்பன், அவள் ஒன்றும் கேட்பதற்கு முன்னாலேயே. “நேத்து அமாவாசை. கொடுமுடி போயிட்டு வந்துட்டேன்.”

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

“என்னால முடியல புள்ள. கனவுல வந்து தாகமா இருக்குதுங்கறான். பெத்த புள்ளைக்கு ஒரு வா தண்ணி உடாத அப்பன்னு அத்தன பேரும் மூஞ்சியப் பாக்கறாங்க. புல்லுல அவனை மாதிரியே பண்ணி, ஆத்தோரம் வெச்சுக் கொளுத்துனாங்க. என்ற கையால கொள்ளி வெச்சேன் புள்ள. நான் எப்புடி வெச்சேன்னே தெரியல.” சொல்லிக்கொண்டே அந்த மனுஷன் குழந்தை மாதிரி கேவினார்.

மூணு படிங்க, இன்னும் மூணே மூணு படிதானுங்க, என்று கத்தவேண்டும் போல இருந்தது அவளுக்கு. காது கேட்காத மனுஷன், தனியாக வீட்டில், கொள்ளி வைத்த கையோடு உட்கார்ந்திருக்கிறார். அவரை என்ன சொல்லித் திட்டுவது? தாகமாய் இருக்கிறது என்று பிள்ளை கேட்டால் அப்பன் தண்ணீர் கொடுக்கமாட்டானா?

“அழுவாதீங்க,” என்றாள். “சாப்புட்டீங்களா?”

போனை வைத்துவிட்டு அவள் நிமிர்ந்தபோது பூசாரி எதிரே நின்றார். வாயை இரண்டு முறை திறந்து மூடி, முன்பு கேட்ட அதே கேள்வியைக் கேட்டார். போனில் பேசினதையெல்லாம் பக்கத்தில் நின்று கேட்டிருந்த ஜெனிட்டாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. பாவாயி அவள் கையை இறுகப் பிடித்தாள்.

“உசுரோடதான் இருக்கறான். கொஞ்சம் அசந்துட்டான். நாளைக்கு ஏறுவான்னு சொல்லு.”

ஜெனிட்டா, வாழ்நாளில் சொன்ன பெரிய பொய்யை, ஜப்பானிய மொழியில், குரல் உடையாமல் சொன்னாள். பூசாரி கேட்டுக்கொண்டார். படியில் நின்ற அத்தனை பேரும் கேட்டுக்கொண்டார்கள்.

மறுநாள் காலை பாவாயி வந்து கீழ் டோரிக்கு வெளியே பூட்சையும் காலுறையையும் கழற்றினாள். அங்கே ஹருயோ ஒரு வாளியோடு நின்றிருந்தாள், வாளி நிறையக் கடல் தண்ணீர். என்ன பண்ணப் போகிறாய் என்று அவள் கேட்கவில்லை, யார் சொல்லி வந்தாய் என்று இவளும் கேட்கவில்லை. ஹருயோ வாளியைத் தூக்கிக்கொண்டு ஓரமாக ஏற, ஆபரேஷன் பண்ணின வயிற்றைக் கையால் பிடித்துக்கொண்டு பாவாயி நடுவில் ஏறினாள், பனி உள்ளங்காலைக் கத்தி மாதிரி அறுத்தது, நூறாவது படிக்கப்புறம் கால் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. இப்படித்தானே ஏறியிருப்பான், நான் வீட்டில் போர்த்திக்கொண்டு படுத்திருந்தேனே, என்று ஒவ்வொரு படிக்கும் நெஞ்சு அடித்துக்கொண்டது. முந்நூற்று முப்பதில் நின்று, காலை வாளியில் முக்கி, அடுத்த படியில் வைத்து, எடுத்தாள்.

பத்து மணிக்கு நிஷிதா வந்து மண்டி போட்டார். பாதம் சின்னது, இருபத்திரண்டுக்குமேல் ஒரு இம்மியும் இராது, சுண்டுவிரல் ஒதுங்கவில்லை, இரண்டாவது விரலில் மெட்டி வளையம் பனியில் தெளிவாகப் பதிந்திருந்தது. அவர் அளவுகோலை வைத்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை வைத்தார், அப்புறம் நோட்டில் இருபத்தாறரை என்று எழுதினார். பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்து, ஆமாம், அதே பாதம்தான், என்று தலையாட்டினார்கள். பன்னிரண்டு மணிக்கு ஒலிபெருக்கி, பூபதி சான், முந்நூற்று முப்பத்தொன்று, என்றது.

அடுத்த நாள் முப்பத்திரண்டு. அதற்கு அடுத்த நாள், கிழவரைச் சக்கர நாற்காலியோடு நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்து உச்சியில் வைத்திருந்தார்கள், பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டிருந்தார்கள், மீன் கம்பெனியில் இயந்திரத்தை நிறுத்தியிருந்தார்கள். மேல் டோரிக்கு அடியில் பூசாரி மொரிகாவா வெள்ளை உடுத்தி, வெள்ளைத் தாள் கட்டின கோலைக் கையில் பிடித்து நின்றார். பாவாயி முந்நூற்று முப்பத்து மூன்றாவது படியில் காலை வைத்தாள். கால் நீலமாகியிருந்தது.

“யார் வருவது?” என்று பூசாரி கேட்டார்.

“பூபதி,” என்றாள் பாவாயி.

“எந்த ஊர்?”

“சிவன்மலை.”

“தீட்டு ஏதும் உண்டா?”

ஜெனிட்டா இதையும் தமிழில் சொன்னாள். மலைக்கு அப்பால் கடல் சத்தம் கேட்டது, ஊரில் ஒருத்தரும் இருமக்கூட இல்லை.

“இல்லீங்க,” என்றாள் பாவாயி.

பூசாரி கோலை அவள் தலைக்கு மேலே இடமும் வலமும் வீசிவிட்டு, ஒதுங்கி, நடுப்பாதையை விட்டுக்கொடுத்தார். தொள்ளாயிரம் வருஷத்தில் மனுஷர் யாரும் நடக்காத அந்த நடுவில் அவள் நடந்தாள். சன்னதியில் விக்கிரகம் ஒன்றும் இல்லை, மூடின கதவும் தொங்குகிற கயிறும்தான். எப்படிக் கும்பிடுவது என்று தெரியாமல், நெற்றி தரையில் பட விழுந்து கும்பிட்டு, மெதுவாகச் சொன்னாள்: “என்ற பையன் ஏறி முடிச்சுட்டான் சாமி. அவன் மேல ஒரு பாக்கியும் இல்ல. இனி அவனை உட்டுருங்க.”

பிறகு இறங்கினாள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லாமல், முந்நூற்று முப்பத்து மூன்று படியும் இறங்கி, கீழ் டோரியைத் தாண்டி, சாமிக்குச் சம்பந்தமில்லாத தார் ரோட்டுக்கு வந்து, நடு ரோட்டில் காலை நீட்டி உட்கார்ந்தாள். தலைமுடியை அவிழ்த்துவிட்டு, மாரில் ஓங்கி ஓங்கி அறைந்துகொண்டு, பதினொரு மாசமாக ஒரு ஊரே விழுங்கி வைத்திருந்த வார்த்தையை வாய்விட்டுச் சொன்னாள்.

“செத்துப்போயிட்டயே சாமி! அம்மா சொன்னேன்னு ஏறப்போயி செத்துப்போயிட்டயே! உன்னய ஏறச் சொன்ன வாயி அழுகலையே! நாம் பொழச்சதுக்கு உன்ற உசுரக் குடுத்தயே என்ற தங்கமே!”

பின்னாலேயே இறங்கி வந்த ஊர் வாசலுக்கு உட்புறம் திகைத்து நின்றது. இப்படி மாரடித்து அழுது அவர்கள் பார்த்ததில்லை. ஹருயோ ஜெனிட்டாவிடம், என்ன சொல்லி அழுகிறாள், என்று கேட்டாள். ஜெனிட்டா சொன்னாள். அந்த வார்த்தையை அப்படியே, மறைக்காமல், அவர்கள் மொழியில் சொன்னாள்.

ஹருயோ வாளியைக் கீழே வைத்துவிட்டு, வாசலைத் தாண்டி வந்து, ரோட்டில் பாவாயி பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்புறம் நிஷிதா வந்தார். அப்புறம் பூசாரி, வெள்ளை உடுப்போடு, தீட்டைப் பார்க்காமல் வாசலைத் தாண்டி வந்து உட்கார்ந்தார். ஒருத்தர் ஒருத்தராக ஊரே ரோட்டில் உட்கார்ந்தது, மீன் ஏற்றி வந்த லாரிக்காரர் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி நின்றார். பனி மறுபடியும் விழ ஆரம்பித்தது.

“எந்திரிங்கம்மா,” என்று ஜெனிட்டா குனிந்து அவள் தோளைத் தொட்டாள். “காலு வெறச்சுப் போவும்.”

“இரு கண்ணு,” என்றாள் பாவாயி, அழுகைக்கு நடுவில். “பதனோரு மாசத்து அழுவை. நேரமாவும்.”